ஒரு மிடறின் நடுப்பகுதி

(புதுச்சேரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது சிவப்பு ஒயின். அதிலும் கலவை ஒயின்: பல வகைத் திராட்சைகளைத் தனித்தனியே நொதிக்கவைத்து, பிறகு அளவு பார்த்து ஒன்றாகச் சேர்த்தது. அதை முதன்முதலாக வாயில் வைக்கும் ஒருவர் எதைக் கவனிக்கலாம், கவனித்ததைப் பிறருக்கு எப்படிச் சொல்லலாம் என்பதுதான் பொருள். இதற்குக் குடித்தாக வேண்டும் என்பதில்லை. சுவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறார்கள். ஒரே காலையில் பல பத்து ஒயின்களைச் சுவைக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. இந்த மேசையிலும் அதற்கென்று ஒரு பாத்திரம் இருக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயினைப் பற்றி எழுதப்படும் குறிப்புகளில் பெரும்பாலானவை பட்டியல்களாக இருக்கின்றன. நான்கு பழம், இரண்டு மசாலா, ஒரு பூ, ஒரு மரம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். படித்து முடித்த பிறகும் அந்த ஒயின் வாயில் எப்படி நடந்துகொள்ளும் என்று நமக்குத் தெரியாது. ஒரு மிடறுக்குத் தொடக்கம் உண்டு, நடு உண்டு, முடிவு உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஒயின் பேச்சில் இந்த மூன்றையும் பிரித்தே பேசுகிறார்கள். கலவை ஒயின் கட்டப்படுவதே இந்த மூன்றையும் சரிக்கட்டுவதற்காக. ஆகவே அதை வர்ணிக்கிறவர் அந்த ஓட்டத்தை முதலில் சொல்ல வேண்டும். பழங்களின் பெயர் அதன் பின்னால் வரட்டும்.

இதை விளங்கிக்கொள்ள, இந்தக் கலவை எங்கே, எதனால் தோன்றியது என்று பார்க்க வேண்டும். போர்தோவுக்குப் போவோம்.

பிரான்ஸின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது போர்தோ. கரோன், தோர்தோன் என்று இரண்டு ஆறுகள் கூடி ஜிரோந்த் என்ற அகன்ற கழிமுகமாகக் கடலுக்குப் போகின்றன. கழிமுகத்தின் இடது கரையில் மெதோக் பகுதி. ஆறுகள் ஊழிகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல் நிலம் அது. தண்ணீரைத் தங்கவிடாது, பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். பழுக்கத் தாமதிக்கும் கபர்னே சோவினியோனுக்கு அந்தச் சூடு தேவை. வலது பக்கம், தோர்தோன் ஆற்றை ஒட்டி, சேந்த் எமிலியோனும் பொமரோலும். அங்கே களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும். ஈரத்தைப் பிடித்துவைக்கும் அந்தக் குளிர்ந்த மண்ணில் மெர்லோ செழிக்கிறது. கபர்னேவைவிட ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே பழுத்துவிடுகிறது.

கடலோர வானத்தை நம்ப முடியாது. மெர்லோ சீக்கிரம் துளிர்ப்பதால் ஏப்ரல் உறைபனியில் கருகிப்போகும். ஜூனில் பூக்கும்போது குளிரும் மழையும் வந்தால் பிஞ்சு உதிர்ந்துவிடும். கபர்னே அதிலெல்லாம் தப்பினாலும், அறுவடைக்கு முந்தைய மழையில் முழுக்கப் பழுக்காமல் மாட்டிக்கொள்ளும். 1991 ஏப்ரலிலும் 2017 ஏப்ரலிலும் வந்த உறைபனியைப் போர்தோவில் இன்றும் பேசுகிறார்கள். 1956 பிப்ரவரியில் வந்த கடுங்குளிரோ துளிரை விட்டுவிட்டுக் கொடிகளையே கொன்றது. மல்பெக் என்ற வகை அதற்குப் பிறகு அங்கே தன் பழைய இடத்தைப் பிடிக்கவே இல்லை. ஒரே வகையை நட்டவர் ஒரே இரவில் ஓராண்டு உழைப்பையும் இழக்கலாம். இரண்டு மூன்று வகையாக நட்டவருக்கு ஏதாவது ஒன்று மிஞ்சும். கலவையின் பிறப்பில் விவசாயியின் அச்சம் இருக்கிறது. சுவைக்கான நுட்பம் அதன்மேல் பின்னால் வளர்ந்தது. இன்று வானிலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது: வெப்பம் கூடிவருவதால், போர்ச்சுகலின் தூரிகா நஸியோனால் உள்ளிட்ட சில புதிய வகைகளை 2021-இல் அங்கே அனுமதித்தார்கள். தோட்டப் பரப்பில் 5 விழுக்காட்டுக்கும் கலவையில் 10 விழுக்காட்டுக்கும் மேல் போகக்கூடாது என்பது விதி. நூற்றாண்டுகளாகக் கலந்துவரும் மண் இன்னும் கலந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது அந்த நுட்பத்துக்கு வருகிறேன். அறுவடை முடிந்த குளிர்காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் உட்காருகிறார்கள். ஒவ்வொரு நிலத்துண்டின் ஒயினும் தனித்தனிக் குப்பியில் இருக்கும். அளவுக்குழாயில் ஊற்றிக் கலந்து, சுவைத்து, துப்பி, மாற்றிக் கலக்கிறார்கள். தனியாகச் சுவைத்தால் மிக நன்றாக இருக்கும் ஒரு குப்பி, மற்றவற்றோடு சேராது என்று ஒதுக்கப்படுவதும் உண்டு. ஒதுக்கப்பட்டவை அந்தத் தோட்டத்தின் இரண்டாம் ஒயினுக்குப் போகும். ஷாத்தோ லாத்தூருக்கு 'லே ஃபோர் த லாத்தூர்', ஷாத்தோ மார்கோவுக்கு 'பவியோன் ரூஜ்' என்று அவற்றுக்குத் தனிப் பெயரே இருக்கிறது.

மேசையில் இருப்பவர்கள் தேடுவது என்ன? கபர்னே சோவினியோனின் பழம் சிறியது, தோல் தடித்தது. நிறமும் மணமும் துவர்ப்பும் அதில் நிறைய. தனியாக வாயில் வைத்தால் தொடக்கத்தில் மணம் எழும், முடிவில் துவர்ப்பு இறுக்கும். இரண்டுக்கும் நடுவே பல சமயம் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப மெர்லோ வருகிறது: சதைப்பற்று, மென்மை, பழத்தின் இனிமை போன்ற ஒரு நிறைவு. கபர்னே ஃபிரான் மணத்தை மேலே தூக்கும். பெத்தி வெர்தோ என்று ஒன்று, மிகத் தாமதமாகப் பழுப்பது, அடர்ந்த நிறமும் கடுந்துவர்ப்பும் கொண்டது. இரண்டு மூன்று விழுக்காடு சேர்த்தாலே தெரியும் என்கிறார்கள். ஆக, ஒவ்வொரு வகையும் மிடறின் ஏதோ ஒரு கட்டத்துக்கென்று சேர்க்கப்படுகிறது. சொல்கிறவரும் அந்தக் கட்டங்களின்படியே சொன்னால் என்ன என்பதுதான் என் கேள்வி.

முதல்முறை சுவைக்கிறவர்கள் அஞ்சுகிற ஒன்றை இங்கேயே விலக்கிவிட வேண்டும். இதில் எது கபர்னே, எது மெர்லோ என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லையே என்று கூச்சப்படுகிறார்கள். பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. 1997-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கரோல் மெரிடித்தும் ஜான் பவர்ஸும் மரபணுவைப் பார்த்து, கபர்னே சோவினியோன் என்பது கபர்னே ஃபிரானுக்கும் வெள்ளை வகையான சோவினியோன் பிளாங்குக்கும் பிறந்தது என்று காட்டினார்கள். மெர்லோவின் பெற்றோரில் ஒருவரும் அதே கபர்னே ஃபிரான்தான் என்று பின்னர் தெரியவந்தது. உங்கள் கோப்பையில் இருப்பது ஒரு குடும்பம். முகச்சாயல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கார்மெனேர் என்ற பழைய போர்தோ வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபைலோக்செரா என்ற வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்த பிறகு அங்கே அநேகமாக மறைந்துவிட்டது. 1994-இல் ழான் மிஷல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு அறிஞர் சிலி நாட்டுக்குப் போனபோது, மெர்லோ என்று சொல்லி வளர்த்துவந்த கொடிகளில் பல கார்மெனேர் என்று கண்டுசொன்னார். ஒரு நாடே மெர்லோ என்று பயிரிட்டு, பிழிந்து, விற்ற ஒயின் அது. வகை பிரித்து அறிவது அவ்வளவு கடினமான வேலை. முதல் நாளே அது வரவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம்.

சொற்களைப் பற்றியும் ஒரு பரிசோதனை உண்டு. 2001-இல் ஜில் மொரோ, ஃபிரெதெரிக் பிரோஷே, தெனி துபூர்தியூ மூவரும் வெளியிட்டது. போர்தோவில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினையும் ஒரு சிவப்பு ஒயினையும் கொடுத்து மணத்தை விவரிக்கச் சொன்னார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினையே இரண்டு கோப்பைகளில் கொடுத்தார்கள். ஒன்றில் மட்டும் மணமில்லாத சிவப்பு நிறமி சேர்த்திருந்தது. மாணவர்கள் அந்தக் கோப்பைக்குச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களையே தந்தார்கள். ஒயின் பேச்சே வெறும் பாசாங்கு என்று நிரூபிக்க இதைப் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த மாணவர்கள் பொய் சொல்லவில்லை. கண் முன்னால் போய்ச் சொல்லைத் தேர்ந்துகொண்டது, மூக்கு அதன் பின்னால் போனது. மனித மூளை அப்படித்தான் வேலை செய்கிறது. மணப் பெயர்கள் கண்ணுக்கு எளிதில் வசப்படும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது. ஆகவே வர்ணனையின் முழுப் பாரத்தையும் அந்தப் பெயர்கள்மேல் ஏற்றக்கூடாது.

சரி, கோப்பைக்கு வருவோம்.

என் முன்னால் இருப்பது மெதோக் பகுதி ஒயின், ஏறக்குறைய எட்டு வயதானது. கபர்னே சோவினியோன் பாதிக்கு மேல். மீதியில் பெரும்பகுதி மெர்லோ. பெத்தி வெர்தோ கொஞ்சம். தோட்டத்தின் பெயரைத் துணியால் மூடிவைத்திருக்கிறேன், அந்தப் பெயர் நம் வாயில் புகுந்து பேச வேண்டாம் என்பதற்காக. பாட்டிலை இங்கே கொண்டுவருவதற்கு முன் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தேன். சிவப்பு ஒயினை அறையின் சூட்டிலேயே பரிமாற வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அந்த அறை குளிர்நாட்டுக் கல்வீட்டு அறை; 16 முதல் 18 பாகை வரை இருக்கும். புதுச்சேரி அறையின் 32 பாகையில் வைத்தால் ஆல்கஹால் மேலெழுந்து மூக்கை எரிக்கும், மற்ற எதுவும் தெரியாது. நம் ஊரில் சிவப்பு ஒயின் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் சூடான ஒயினைக் குடித்தவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக ஊற்றுங்கள். நிறத்தை ஒருமுறை பாருங்கள், போதும்: நடுவில் அடர்சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருக்கிறது. இளம் ஒயினில் அங்கே ஊதா இருக்கும். கண்ணுக்கு இதற்கு மேல் வேலை தர வேண்டாம்.

சுழற்றாமல் முகருங்கள். பிறகு சுழற்றி முகருங்கள். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு முதலில் வந்தது பென்சில் சீவும்போது எழுகிற மர வாசனை. சுழற்றியதும் கறுத்த பழத்தின் மணம் மேலே வந்தது, அதன் அடியில் கிராம்பு. கிராம்பு கற்பனை இல்லை: கிராம்பின் மணத்துக்கு முதன்மைக் காரணமான யூஜினால், வாட்டப்பட்ட ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் ஒயினுக்குள் இறங்குகிறது. போர்தோவில் புழங்கும் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். இந்த ஒயின் அதில் ஓராண்டுக்கு மேல் இருந்திருக்கும். லேசாகக் குடமிளகாய் வாசனையும் இருக்கிறது. அதற்குக் காரணம் பைரசின் வகைச் சேர்மம்; ஒரு லிட்டரில் 15 நானோகிராம் அளவுக்கு இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். கபர்னே வெயில் போதாமல் பழுத்தால் இது கூடும். கொத்தைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளி வெயில் படவிடுவது அதைக் குறைக்கத்தான்.

இனி வாய். ஒரு சிறு மிடறு. விழுங்க வேண்டாம். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த வழியில்தான் வருகிறது.

முதல் இரண்டு நொடி: வழவழப்பாக நுழைகிறது. சர்க்கரை இல்லை, ஆனாலும் ஒரு இனிமை தோன்றுகிறது. ஆல்கஹாலும் பழுத்த பழ மணமும் சேர்ந்து தருவது அது. போர்தோ பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய எமில் பெய்னோ 1980-இல் சுவையைப் பற்றி எழுதிய நூல் இத்துறையில் அடிப்படை நூல். இனிப்பு உடனே தெரியும், கசப்பு மெல்ல எழும் என்று சுவைகளை அவை தோன்றும் நேரத்தைக் கொண்டு அவர் விளக்கியிருக்கிறார். ஒயினை இனிமைக்கும் புளிப்புக்கும் துவர்ப்புக்கும் இடையேயான சமநிலையாகப் பார்த்தவர் அவர். நான் இன்று சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

நான்காவது, ஐந்தாவது நொடி. இதுதான் நடு, இங்கேதான் மிகவும் பொறுமை வேண்டும். அநேகமாக எல்லாரும் தவறவிடுகிற இடமும் இதுவே. கன்னத்தின் உட்புறத்தை நிரப்புகிறதா, மெலிந்துபோகிறதா? இந்த ஒயின் நிரப்புகிறது, ஆனால் முழுமையாக இல்லை. மெர்லோ இன்னும் சிறிது இருந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. புளிப்பு இங்கே தலைகாட்டுகிறது. நாவின் இரு ஓரத்திலும் எச்சில் ஊறுகிறது. எச்சில் ஊறும் வேகம் புளிப்பின் அளவைச் சொல்லும்.

பிறகு துவர்ப்பு. ஒயினிலுள்ள டானின்கள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரளவைத்துவிடும். எச்சிலின் வழுக்கல் போய் வாய் சொரசொரக்கும். பால் விடாத கடுந்தேநீரில் இருக்கும் பிடிப்பு பால் விட்டதும் தளர்ந்துவிடுகிறதே, அதே கணக்குத்தான்: டானினுக்குப் பிடிக்கப் பாலின் புரதம் கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் நம் வாய் நல்ல பயிற்சி பெற்றது என்று துணிந்து சொல்வேன். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி, வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் பாக்கிலும் நாவல்பழத்திலும் அதன் வேறுபாடுகளைச் சிறுவயது முதல் அறிந்தவர்கள் நாம். துவர்ப்பு இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். எங்கே பிடிக்கிறது, ஈறிலா, நாக்கின் நடுவிலா? பொடியாகவா, முரடாகவா? சீக்கிரம் விடுகிறதா? இந்த ஒயினில் மேலீறில் தொடங்கி, பொடிப்பொடியாகப் பரவி, மெல்ல விடுகிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: துவர்ப்பு மிடறுக்கு மிடறு கூடும். இரண்டாம் மிடறுக்கு முன் தண்ணீர் குடித்துச் சற்று இருங்கள். இல்லாவிட்டால் முதல் மிடறின் துவர்ப்பையும் சேர்த்து இதன்மேல் பழிபோடுவீர்கள்.

துப்பிவிட்டு எண்ணுங்கள். மணம் எத்தனை நொடி தங்குகிறது? ஒரு நொடிக்கு ஒரு கொதாலி என்று பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஓர் அலகே வைத்திருக்கிறார்கள். எனக்குப் பத்துக்குக் கிட்ட வந்தது. கடைசியில் நின்றது பழம் இல்லை, புகையிலை போன்ற ஓர் உலர்ந்த வாசனை.

மணப் பெயர்களை நான் ஒதுக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் நோபிள் 1980-களில் உருவாக்கிய மணச்சக்கரத்தை மிகவும் மதிக்கிறேன். உள்வட்டத்தில் 'பழம்', 'மசாலா' போன்ற பொதுச் சொல், வெளிவட்டத்தில் குறிப்பான பெயர். ஆன் நோபிள் அதோடு நிற்கவில்லை: சாதாரண ஒயினில் கிராம்பையும் குடமிளகாயையும் போட்டு ஊறவைத்து முகர்ந்து பழகுங்கள், சொல்லுக்கும் மூக்குக்கும் உறவு உண்டாகட்டும் என்றார். வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி அது. ஆனால் அந்தச் சக்கரத்தின் வெளிவட்டத்தில் இருக்கும் சில பழங்களை நம்மில் பலர் கண்டதே இல்லை. கபர்னேவுக்குச் சொல்லப்படும் முதல் பெயர் பிளாக்கரன்ட் பழம், பிரெஞ்சில் காசிஸ். அதை உண்ணாதவர் அந்தப் பெயரை எழுதுவது இன்னொருவரின் மூக்கைக் கடன் வாங்குவது. நாவல் என்று நான் எழுதுவேன். இரண்டும் ஒரே மணம் இல்லை, ஆனாலும் பழமும் துவர்ப்பும் சேர்ந்து வரும் விதத்தில் எனக்கு அதுவே அருகில் இருக்கிறது.

மூக்குக்கு மூக்கு வேறுபாடும் பெரிது. ஷிராஸ் என்ற திராட்சை வகையின் ஒயின்களில் மிளகு மணம் தரும் ரோட்டன்டோன் என்ற சேர்மத்தை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் மிளகின் மணத்துக்கும் அதுவே காரணம். சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, அளவைக் கூட்டிக் கொடுத்தாலும் அது தெரியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கு வந்த மணம் உங்களுக்கு வரவில்லை என்றால் காரணம் உங்கள் மூக்கின் அமைப்பாகவே இருக்கலாம். ஓட்டத்தைப் பற்றி, துவர்ப்பைப் பற்றி, நீளத்தைப் பற்றி இரண்டு பேர் பேசினால் ஒருவரையொருவர் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள் என்பதே என் அனுபவம்.

இந்த ஒயினுக்கு நான் எழுதிய குறிப்பை வாசிக்கிறேன்: "வழவழப்பான நுழைவு; பழுத்த நாவலின் நினைவு. நடுவில் பழம் சற்று மெலிய, புளிப்பு மேலே வருகிறது. அந்த மெலிவைக் கிராம்பு வாசனை தாங்கிப் பிடிக்கிறது. மேலீறில் தொடங்கும் பொடித்துவர்ப்பு, முரடில்லாமல் விடுகிறது. முடிவில் பென்சில் மரமும் உலர்ந்த புகையிலையும், நீளம் நடுத்தரம். கொழுப்புள்ள ஆட்டிறைச்சியோடு வைத்தால் துவர்ப்பு இன்னும் இளகும். மூன்று நான்கு ஆண்டு பொறுக்கலாம். அதற்கு மேல் வைத்தால் நடுப்பகுதி இன்னும் மெலியும் என்று அஞ்சுகிறேன்."

விரும்புகிறவர்களுக்கு இப்போது இதே பாட்டிலிலிருந்து ஊற்றித் தருவார்கள். நடுப்பகுதி மெலிகிறது என்று நான் சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் வாய்க்கு அது சரியாகப் படுகிறதா என்று பாருங்கள். படவில்லை என்றால் எந்த நொடியில், எதனால் என்று சொல்லுங்கள். கேள்வி நேரத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.